கொசுறு மிளகாய்

“நாலு மிளகாய்க்குப் போயி தொட்டி, மண்ணு, எருன்னு இம்புட்டு பாடா? நான்தான் கொசுறாப் போடுறேனேம்மா.”

எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் காய் கொண்டுவரும் அக்கா 2021 ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் இப்படிக் கேட்டார். நான் அப்போது ஆட்டோவிலிருந்து ஒரு செம்மண் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் குத்தலாகக் கேட்கவில்லை. எனக்கு அலைச்சல் மிச்சமாகட்டும் என்ற அக்கறையில்தான் கேட்டார். “சும்மா ஒரு ஆசைதான்க்கா” என்று சொல்லிவிட்டு நானும் மாடியேறிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்றைக்கும் சரியான பதில் என்னிடம் இல்லை, அதற்கப்புறம் வெகுநாள் கிடைக்கவும் இல்லை. மாடியில் தக்காளி போடுகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. தக்காளி விலை திடீரென்று ஏறும். கீரையில் மருந்து இருக்குமோ என்று பயம். கத்தரிக்காயில் பாதிக்குப் பாதி சொத்தை. மிளகாய்க்கு அப்படி எந்தக் காரணமும் சொல்ல முடியாது. சென்னையில் தள்ளுவண்டியில் காய் வாங்குகிறவர்களிடம் பச்சை மிளகாய் கால் கிலோ என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் யோசித்துத்தான் சொல்வார்கள். அது விலை கேட்டு வாங்குகிற பொருளே இல்லை.

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அக்கா காலை எட்டரை மணிக்கு வருவார். விடிவதற்கு முன்பே கோயம்பேட்டில் சரக்கு எடுத்து, பங்கு ஆட்டோவில் ஏற்றி வந்து, வண்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பும் ஆள். கணக்குக் கூட்டி, காசு வாங்கி, சுருக்குப் பையில் போட்ட பிறகுதான் கொசுறு. ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலைந்து கொத்தமல்லித் தண்டு, ஒரு கை பச்சை மிளகாய். பார்க்காமல்தான் அள்ளுவார். வீட்டுக்கு வந்து எண்ணினால் பத்து அல்லது பன்னிரண்டு இருக்கும். அதை ஒருநாளும் கையில் தரமாட்டார். “பையை விரிம்மா” என்பார். உப்பையும் மிளகாயையும் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அவர் வீட்டிலும் சொல்வார்கள், எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். ஒருமுறை நான் ஏதோ நினைப்பில் கையை நீட்டிவிட்டேன். அவர் மிளகாயைத் தராசுத் தட்டில் வைத்து, “இந்தா, எடுத்துக்க” என்றார்.

நான் மிளகாய் போட ஆரம்பித்ததே அந்தக் கொசுறு நின்றுபோன ஒரு சமயத்தில்தான். 2020 மே மாதம், ஊரடங்கில் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றிய நாட்கள். அக்காவின் வண்டி மூன்று வாரம் வரவில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் எப்படியோ கிடைத்தன. பச்சை மிளகாய் இல்லாமல் உப்புமா கிண்டிய அன்று, சும்மா வந்துகொண்டிருந்த ஒன்று இல்லாமல் போனால் சமையல் எவ்வளவு மொட்டையாக இருக்கிறது என்று தெரிந்தது. வற்றல் டப்பாவிலிருந்து குண்டு மிளகாய் நாலை உடைத்து, விதையை ஓர் இரவு ஊறவைத்து, காலியான தயிர் டப்பாவில் மண் போட்டுத் தூவினேன். சமையலுக்கு வாங்கிய வற்றலின் விதை முளைக்குமா என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். ரொம்பப் பழசாக இல்லாவிட்டால் முளைக்கும். வற்றல் வெயிலில் காய்ந்ததுதானே, வறுத்தது இல்லையே. ஒன்பதாம் நாள் மண்ணுக்கு மேலே வெள்ளைக் கழுத்தை வளைத்துக்கொண்டு முதல் முளை வந்தது. தலையில் விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நின்றது. அந்த இரண்டு நாளும் நான் வேலை நேரத்தில் எத்தனை முறை பால்கனிக்குப் போனேன் என்று கணக்கே இல்லை.

### தண்ணீரில் செய்த தப்பு

முதல் வருஷம் ஒன்பது பைகள் வைத்தேன். பன்னிரண்டு அங்குல வளர்ப்புப் பைகள். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. இந்தக் கலவையில் எனக்கு இன்றுவரை குறை இல்லை. நான் தப்புப் பண்ணியது தண்ணீரில்.

2019 ஜூனில் இந்த ஊரில் இருந்தவர்களுக்குத் தண்ணீரைக் கொட்டக் கை வராது. ஏரிகளெல்லாம் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த கோடை அது. எங்கள் வீட்டில் அதிலிருந்து ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரையும் வாளியில் பிடித்து வைக்கும் பழக்கம் வந்தது. செடி வந்ததும் அந்த வாளி நேராக மாடிக்குப் போனது. ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டு மாதத்தில் இலையின் ஓரம் பழுப்பாகக் கருகியது. எரு போதவில்லை என்று நினைத்து இன்னும் எரு போட்டேன். பையின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சை என்று நினைத்து மஞ்சள் தூவினேன். ஒருநாள் சும்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே கொஞ்சம் உப்புதான். அதில் நல்ல தண்ணீரை நமக்கு எடுத்துக்கொண்டு, உப்பை எல்லாம் மிச்சத்தில் சேர்த்துத்தான் இயந்திரம் வெளியே தள்ளுகிறது. நிலத்தில் ஊற்றியிருந்தால் மழையில் கீழே இறங்கியிருக்கும். பைக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். கோடை முழுக்க ஆசையாக ஊற்றியது செடிக்கு உப்புக்கரைசல்.

மெட்ரோ தண்ணீர் வந்த ஒருநாள் பைக்கு இரண்டு வாளி வீதம் மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டு உப்பை வெளியேற்றினேன். அதற்கப்புறம் மாடியில் மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு பழைய டிரம் வைத்தோம். ஆர்.ஓ. தண்ணீர் இப்போது வீடு துடைக்கப் போகிறது.

கத்திரி வெயில் இன்னொரு கதை. மே மாதம் சென்னையில் ராத்திரியிலும் சூடு இறங்காது. பகல் 38, 39 டிகிரி, இரவும் புழுக்கம் என்றால் மிளகாய்ப் பூவின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ காம்போடு உதிரும். காலையில் பைக்கு அடியில் சின்னச் சின்ன வெள்ளை நட்சத்திரங்களாகக் கிடக்கும். அதற்கு மருந்து இல்லை. பச்சை நிழல்வலை கட்டலாம், காய்ந்த இலையை மண்மேல் மூடாக்காகப் போடலாம், மற்றபடி பொறுத்திருக்க வேண்டியதுதான். ஆடியில் ஒரு மழை பெய்ததும் அதே செடி தானாகப் பூப்பிடிக்கும்.

வருஷக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தில் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது பையில் மொத்தம் 1 கிலோ 850 கிராம் மிளகாய். செலவு 2,000 ரூபாய்க்கு மேல். கிலோ 60 ரூபாய்க்குப் பச்சை மிளகாய் விற்ற நாட்கள் அவை. அக்கா கேட்டது இந்தக் கணக்கைத்தான் என்று நான் அப்போது நினைத்தேன்.

### சுருண்ட இலைகள்

2022 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரே நேரத்தில் ஆறு செடிகளில் நுனி இலைகள் சுருண்டன. மிளகாய் போட்ட எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும், வயிற்றில் என்னவோ செய்யும். இலை ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு மட்டும் நீண்டுகொண்டே போனால் சிலந்திப்பேன். செடியே குட்டையாகி, இலை வெளிறிக் கொத்துக் கொத்தாக நின்றால் பெரும்பாலும் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி. முதல் இரண்டைக் காப்பாற்றலாம். மூன்றாவதைப் பிடுங்கத்தான் வேண்டும். எனக்கு வந்தது படகு. ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நுனியைத் தட்டினேன். காற்புள்ளியில் பாதி அளவுக்கு மஞ்சள் கீற்றுகள் விழுந்து, விழுந்த வேகத்தில் ஓட ஆரம்பித்தன.

அதே குளிர்காலத்தில்தான் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய்க் காடுகளை இலைப்பேன் தின்று தீர்த்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு புது வகை. பூவுக்குள்ளேயே கூட்டமாகப் புகுந்துகொள்வதால் மருந்து எட்டாது. ஏக்கர் கணக்கில் செடியைப் பிடுங்கி எறிந்தவர்களைப் பற்றிச் செய்தியில் படித்துவிட்டு மாடிக்குப் போவேன். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமாக. ஐந்து நாளைக்கு ஒருமுறை. இலைப்பேனுக்கு நீல நிற ஒட்டும் அட்டை. நாலு செடியைப் பிடுங்கினேன், ஐந்து தேறியது. ஐந்து செடி என்பதால் ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பார்க்க முடிந்தது. ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறவர் என்ன செய்வார் என்று அப்போதுதான் முதன்முதலில் யோசித்தேன். அதுவரை மிளகாய் என்றால் எனக்கு அக்காவின் வண்டிதான். அதற்குப் பின்னால் ஒரு காடு இருக்கும், அங்கே யாரோ ஒருவர் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று தோன்றியதில்லை.

### தானாக வந்த காந்தாரி

அந்த வருஷம் மழைக்குப் பிறகு துளசித் தொட்டியில் நான் போடாத ஒரு மிளகாய்ச் செடி முளைத்தது. பிடுங்கப் போனவளை என் மாமியார் தடுத்தார். அவருக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். இரண்டு மாதத்தில் அது வெளிர் பச்சையில் அரிசிமணி மாதிரி காய்த்தது. எல்லாக் காயும் வானத்தைப் பார்த்து நின்றன. “காந்தாரி மிளகு” என்றார். அவர் ஊரில் மிளகாய்க்கு மிளகு என்றே பெயர், நாம் மிளகு என்று சொல்வது அவர்களுக்கு நல்லமிளகு. மிளகாய் இந்த மண்ணுக்கு வந்து சுமார் ஐந்நூறு வருஷம்தான் ஆகியிருக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த சரக்கு. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்று மிளகாய் ஆக்கிக்கொண்டோம். மாமியார் ஊர்க்காரர்கள் அந்தக் ‘காயை’யும் விட்டுவிட்டு, பழைய மிளகை ‘நல்ல’ மிளகாக்கி, புதுசுக்கு வீட்டுக்குள்ளேயே இடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

செடியைக் கொண்டுவந்தவரும் ஒருநாள் பிடிபட்டார். எதிர்வீட்டு டிஷ் ஆண்டெனாவில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு கொண்டைக்குருவி. பழுத்த காந்தாரியை முழுசாக விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவியது. பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது. காரத்தை உணரும் அமைப்பு நம்மிடம் இருப்பதுபோல அவற்றிடம் வேலை செய்வதில்லை. விதையும் சேதமில்லாமல் வெளியே வந்துவிடும். அணில் கடித்தால் விதை நொறுங்கும், அணிலுக்கு உறைக்கும், அதனால் எங்கள் மாடியில் சீத்தாப்பழத்தைக் காலி செய்யும் அணில்கள் காந்தாரிப் பக்கம் வருவதே இல்லை.

காந்தாரியை மிக்ஸியில் போடவே கூடாது என்பது மாமியாரின் சட்டம், இப்போது என் சட்டமும் அதுதான். மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, உப்புப் போட்டு வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அம்மியில் எட்டுப் பத்துக் காந்தாரி, நாலு சின்ன வெங்காயம், கல்லுப்பு, சுண்டைக்காய் அளவு புளி. நைசாக அரைக்காமல் நசுக்கி எடுத்து, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் குழைக்க வேண்டும். முதல் வாய்க்குக் காது அடைக்கும். அந்தக் காரம் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். இறங்கின இடத்தில் கிழங்கின் இனிப்பு நிற்கும்.

இதைவிடக் காரம் வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு பூத் ஜொலோக்கியாவும் வளர்த்தேன். 2007-இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறிய வடகிழக்கு மாநிலத்து மிளகாய், காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் பத்து லட்சம் அலகுக்கு மேல். ஒரு வருஷத்தில் மூன்று காய் தந்தது. ஒரு காயைக் கீறாமல் மீன்குழம்பில் மிதக்கவிட்டு எடுத்துவிட்டேன். பழவாசனை அருமையாக இருந்தது, காரம் மட்டும் மறுநாள் வரை விடவில்லை. நம் சமையலுக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு. காந்தாரி போதும், குண்டு மிளகாய் போதும்.

### கை காந்தின இரவு

2024 மே மாதம் மோர் மிளகாய் போடுவதென்று முடிவு செய்தேன். என் செடிகளில் முக்கால் கிலோதான் தேறியது. மீதி இரண்டு கிலோ, தடித்த காயாகப் பார்த்து அக்காவிடம் சொல்லிவைத்து, காசு கொடுத்து வாங்கியது. காம்பைக் கிள்ளாமல் கழுவித் துடைத்து, ஒவ்வொரு மிளகாயிலும் நுனிப்பக்கம் ஒரு கீறல் போட வேண்டும். புளித்த கெட்டி மோரில் உப்புப் போட்டு இரவெல்லாம் ஊறவிட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க மிளகாய்க்குள் இறங்கும் வரை நாலைந்து நாள். அப்புறம் கலகலவென்று சத்தம் வரும்வரை வெறும் வெயில். சென்னை வெயிலுக்கு உபயோகம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மூன்று மணிக்குக் கீற உட்கார்ந்தவள் ஆறு மணிக்கு எழுந்தேன். கையில் உறை போடவில்லை. நாலு மிளகாய் நறுக்குகிற கைதானே என்ற தைரியம். எட்டு மணி வரை ஒன்றும் இல்லை. அப்புறம் இரண்டு கட்டைவிரல் நகக்கண்ணில் குறுகுறுவென்று ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு விரல்கள் எல்லாம். பத்து மணிக்கு அடுப்பு மேல் கையை வைத்துக்கொண்டு இருப்பது போல உள்ளங்கை வரை காந்தியது. தண்ணீரில் வைத்தால் அந்த நேரம் மட்டும் அடங்கும், எடுத்த உடனே முன்னைவிட அதிகமாக ஏறும். காரணம் எனக்குத் தெரியும், தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. மிளகாயின் காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது. மூன்று மணி நேரம் நான் கத்தியால் திறந்துவிட்டது அந்த நரம்பைத்தான். அதில் இருக்கும் கேப்சைசின் என்ற காரப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். நம் நரம்பில் கொதிக்கிற சூட்டைக் கண்டு சொல்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி தாண்டினால் அது மூளைக்குச் சேதி அனுப்பும். கேப்சைசின் போய் ஒட்டிக்கொண்டால், சூடே இல்லாமல் அதே சேதி போகும். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கையில் தீயே இல்லை, நரம்புக்குத்தான் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தயிர்க் கிண்ணத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் துடைக்கக்கூட முடியாது. மாமியார்தான் துண்டால் துடைத்துவிட்டார். இரண்டு மணிக்கு மேல் எப்படியோ தூங்கினேன்.

மறுநாள் காலையில் காசு எடுத்துக் கொடுக்கும்போது நான் விரலை மடக்காமல் நோட்டைப் பிடித்திருந்ததை அக்கா பார்த்துவிட்டார். “என்னம்மா கையி?” என்றார். சொன்னேன். உடனே வண்டிக்கு இந்தப் பக்கம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணைத்தான் முதலில் பார்த்தார். “நல்லெண்ணெயப் போட்டு நல்லாத் தேச்சுட்டு, அதுக்கப்புறம்தான் சோப்புப் போடணும். முதல்லயே தண்ணியில கழுவுனா கையெல்லாம் பரவும்.” எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் பக்கம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் காய் வாங்கியும் ஊர் கேட்டதில்லை.

அது குண்டு மிளகாய்ச் சீமை. முண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள். மழையை நம்பி புரட்டாசி ஐப்பசியில் விதைத்துவிட்டு, மாசியிலிருந்து பழமாகப் பறித்து, களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். அக்கா பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை பழம் பறிக்கப் போயிருக்கிறார். “வெயிலுக்கு முன்னாடி போயிரணும். குனிஞ்ச தலை நிமிர முடியாது. பழம் ஒண்ணு ரெண்டு கையில நசுங்கும். பகல்ல தெரியாது, உனக்கு மாதிரியேதான், ராத்திரிதான் காந்தும். கஞ்சித் தண்ணிக்குள்ள கையை விட்டுக்கிட்டே தூங்கியிருக்கேன்.” சாப்பிடுவது எப்படி என்று கேட்டேன். “ஆத்தா கையும் காந்தும், என் கையும் காந்தும். அப்பத்தாதான் ரெண்டு பேருக்கும் ஊட்டிவிடும். அவுக வயசாகி காட்டுக்கு வாரதில்லைல்ல.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒரு கை மிளகாயை அள்ளினார். நான் பையை விரிக்காமல் நின்றேன்.

### விலை

அன்றிலிருந்து இந்த விஷயம் எனக்கு அடங்கவில்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் ராத்திரி முழுக்கக் கஞ்சித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு தூங்கிய பொருளை, நான் இருபது வருஷமாக விலையே இல்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதையும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். என் மாடியில் 1 கிலோ 850 கிராம் விளைய எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வேப்பெண்ணெய், எத்தனை சாயங்காலம் போயிற்று என்று நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை வைத்துக்கொண்டு கொசுறு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

நேராகவே கேட்டேன். “இவ்வளவு பாடுபட்டுப் பறிச்சதை எப்படிக்கா சும்மா போடுறீங்க?” அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. “காய்க்குக் காசு வாங்கிட்டேன்ல? மிளகாய்க்குமா வாங்குவாங்க? கொசுறு போடாட்டி யாவாரம் பண்ணுன மாதிரியே இருக்காதும்மா.”

கொஞ்ச நாள் கழித்து நான் பிடிவாதமாகக் கால் கிலோ பச்சை மிளகாய் எடை போடச் சொன்னேன். போட்டார், காசும் வாங்கிக்கொண்டார். அப்புறம் கூடையில் கையை விட்டு ஒரு கை அள்ளி அதன் மேலேயே போட்டார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அந்த மிளகாய் அவருக்கும் சும்மா வரவில்லை. கோயம்பேட்டில் கைக்காசு போட்டுத்தான் மூட்டை எடுக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரம் எங்கள் பகுதியெல்லாம் தண்ணீர். என் பைகளில் துளை அடைத்துக்கொண்டு ஆறு செடி வேர் அழுகிப் போயின. நாலு நாள் கழித்து முட்டியளவு சேற்றைத் தாண்டி அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காய் எல்லாம் இரட்டை விலை. அன்றைக்கும் கொசுறு மூன்று மிளகாயாகக் குறைந்ததே தவிர, நிற்கவில்லை. அது தன்னுடைய கையால் தான் கொடுப்பது, அதற்கு யாரும் விலை வைக்கக்கூடாது என்று அவர் நினைத்தால் அதைத் தப்பென்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் கொடுக்கிறார் என்பதற்காக, காட்டில் பறித்தவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதாக ஆகிவிடுமா? இரண்டும் எனக்கு உண்மையாகத்தான் படுகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் சாய்கிறேன்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒருநாள் அவரிடம் சொன்னேன். உங்கள் ஊர் மிளகாய் என்று வேறு யாரும் பெயர் போட்டு விற்க முடியாது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். “சரி, அப்ப பழம் பறிக்கிறவுகளுக்குக் கூலி கூடுமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த வருஷம் மாசியில் ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டு வந்த அக்கா, முந்தானையில் முடிந்து ஐந்து குண்டு மிளகாய்ப் பழம் கொண்டுவந்தார். இன்னும் முழுக்கக் காயாதது, கோலிக்குண்டு அளவு, அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். தராசுத் தட்டில் வைத்தார். “விதைக்கு வச்சுக்க.” ஆடியில் போட்டேன், பதினோரு நாற்று தேறியது. மூட்டு வலி இருப்பதால் அவரால் எங்கள் மாடிப்படி ஏற முடியாது. அதனால் போன வாரம், நன்றாக வளர்ந்திருந்த ஒரு செடியைப் பையோடு தூக்கிக்கொண்டு கீழே போனேன். நுனியில் முதல் பூ விரிந்திருந்தது, அதைக் காட்டத்தான் கொண்டுபோனேன்.

அக்கா குனிந்து இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். நிமிர்வதற்கு முன் அந்தப் பூவை நகத்தால் கிள்ளிவிட்டார்.

“மொதப் பூவ விடக்கூடாதும்மா. செடி கனக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்குக் கத்தரிக்காயை எடை போட ஆரம்பித்தார்.